பணம் பின்னால்தான் வரும்: ஐரோப்பிய மண்டல நிதி பற்றி நெல்லைச் சீமை வாசகர் கேள்விகள்

கேள்வி: போலந்தில் வேலை பார்க்கிற என் மகன் அனுப்பும் படங்களில் பாலம், பள்ளிக்கூடம், பட்டறை என்று எங்கே பார்த்தாலும் நீலத்தில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட பலகை தெரிகிறது. ஐரோப்பாக்காரன் கொடுத்த பணமாம். போலந்துக்கு எதுக்கு அப்படிக் கொடுக்கான்?
– லேத் பட்டறை நடத்துபவர், பேட்டை

பதில்: அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சின்னம் அண்ணாச்சி. நீலத்தில் 12 நட்சத்திரம் வட்டமாக இருக்கும். ஒன்றியத்தின் பணம் வாங்கினவர் அதை ஊரறியக் காட்டியே ஆக வேண்டும். மண்டல வளர்ச்சி நிதியில் 5 லட்சம் யூரோவைத் தாண்டும் கட்டடம், இயந்திரம் என்றால் நிலையான பலகை வைக்க வேண்டும். சின்ன வேலைக்கு ஏ3 அளவில் ஒரு சுவரொட்டி போதும். வைக்காமல் விட்டால் மானியத்தில் 3 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறது.

சும்மா கொடுக்கிற பணம் இல்லை. எல்லையில் சுங்கம் இல்லாத ஒரே சந்தை என்று ஆக்கினால் முதலும் படித்த பிள்ளைகளும் ஏற்கெனவே வளர்ந்த ஊருக்கே ஓடும். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறுகிற அதே கதைதான். அப்படிக் காலியாகும் பகுதியைத் தூக்கி நிறுத்தாவிட்டால் அங்கேயுள்ள மக்கள் ஒன்றியத்தையே வேண்டாம் என்பார்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் 1973-ல் சேர்ந்த பிறகு இந்தப் பேச்சு சூடாகி, 1975-ல் ஐரோப்பிய மண்டல வளர்ச்சி நிதியம் பிறந்தது. 1988-ல் அதைச் சீர்திருத்தி, தனித்தனி வேலைக்குக் கொடுப்பதை விட்டுவிட்டு, பல ஆண்டுத் திட்டத்துக்கு மொத்தமாகக் கொடுக்கும் முறைக்கு மாற்றினார்கள். 2021 முதல் 2027 வரையிலான ஏழாண்டுக்கு இந்த வகை நிதிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 39,200 கோடி யூரோ. ஒன்றியத்தின் வரவுசெலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

யாருக்கு எவ்வளவு என்பதை நாட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை, மண்டலத்தைப் பார்க்கிறார்கள். மண்டலம் என்றால் பொதுவாக 8 லட்சம் முதல் 30 லட்சம் வரை மக்கள் வாழும் பகுதி. தென்காசி பிரியுமுன் இருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 30 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பருமனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் தலைக்கு உற்பத்தி ஒன்றியத்தின் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பின்தங்கிய மண்டலம். 75-லிருந்து 100 வரை நடுவாந்தரம். அதற்கு மேல் வளர்ந்த மண்டலம். விலைவாசி வேறுபாட்டைக் கழித்துத்தான் ஒப்பிடுகிறார்கள். 2004-ல் சேரும்போது போலந்து சராசரியில் பாதியளவில்தான் நின்றது. அதனால்தான் உங்கள் மகன் கண்ணில் இத்தனை பலகைகள்.

கேள்வி: பின்தங்கிய மண்டலத்துக்கு 85 சதவீதம் ஒன்றியமே தருகிறது என்று படித்தேன். அப்படியானால் அங்கே ஒருவர் 15 ரூபாய் வைத்திருந்தால் 100 ரூபாய்க்குத் தொழில் தொடங்கிவிடலாமா? நம்ம பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மானியத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.
– சிறு தொழில் முனைவோர், அம்பாசமுத்திரம்

பதில்: இதில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 85 சதவீதம் என்பது ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்சுக்கும் அந்த நாட்டு அரசுக்கும் இடையிலான பங்கு. தொழில் நடத்துகிறவருக்குக் கிடைப்பது வேறு கணக்கு. அரசு ஒரு கம்பெனிக்கு உதவினால் பக்கத்துக் கம்பெனி நசுங்கும் என்பதால், உதவிக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மண்டலத்துக்கு மண்டலம் அது மாறும். நடுத்தர நிறுவனத்துக்குப் பெரிய நிறுவனத்தைவிட 10 சதவீதப் புள்ளியும் சிறு நிறுவனத்துக்கு 20 சதவீதப் புள்ளியும் கூடுதல். இந்தச் சட்டகத்துக்கு வெளியே, சிறு உதவி என்ற கணக்கில் மூன்றாண்டில் ஒரு நிறுவனத்துக்கு 3 லட்சம் யூரோ வரை கொடுக்கலாம். 2024 ஜனவரிக்கு முன் அது 2 லட்சமாக இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பேர் வேலை செய்யும் பட்டறை. 1,00,000 யூரோவுக்கு, கணினி இயக்கும் ஒரு சிஎன்சி இயந்திரம் வேண்டும். விண்ணப்பம் கேட்டு வரும் அழைப்பில் மானியம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பித்து, மதிப்பெண் போட்டு, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஆர்டர் கொடுப்பதே பத்திரம். இயந்திரம் வந்து, பொருத்தி, வங்கி வழியாக முழுப் பணமும் கட்டி, பில்லும் வங்கிக் கணக்குப் பிரதியும் இணைத்துக் கோரிக்கை போட்டால் 40,000 யூரோ திரும்பும். முழுக் காகிதமும் சேர்ந்த நாளிலிருந்து 80 நாளுக்குள் நிர்வாக அமைப்பு பணம் கொடுக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் குறை இருந்தால் அந்த 80 நாள் அப்படியே நின்றுவிடும். ஆக, 40 சதவீத மானியம் கிடைத்தவரும் முதலில் 100 சதவீதத்தையும் புரட்ட வேண்டும். வட்டிச் செலவு அவர் தலையில். சில திட்டங்களில் முன்பணம் உண்டு, அதற்குப் பெரும்பாலும் வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். அரசுகளுக்கே பிரஸ்ஸல்ஸ் வழக்கமாக ஆண்டுக்கு மொத்தத்தில் 0.5 சதவீதம்தான் முன்பணமாகத் தருகிறது.

எங்கே கெட்டுப்போகும் என்றால், முதலாவது, விண்ணப்பிக்குமுன் ஆர்டர் கொடுப்பது. விலை ஏறப்போகிறது என்று இயந்திரக் கம்பெனிக்காரர் அவசரப்படுத்துவார், இவர் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுவார். மானியம் இல்லாமலேயே நீங்கள் வாங்கியிருப்பீர்கள் என்பதற்கு அந்தக் கையெழுத்தே சாட்சியாகி, மொத்தமும் போய்விடும். கொட்டேஷன் வாங்கலாம், விலை பேசலாம். திரும்ப முடியாத வாக்குறுதிதான் கூடாது.

இரண்டாவது, கொள்முதல் விதி. நகராட்சி, பல்கலைக்கழகம் போன்ற பொது அமைப்புகள் ஒரே வேலையைத் துண்டு போட்டு டெண்டர் வரம்புக்குக் கீழே கொண்டுவருவது, ஒரே பிராண்டுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி விவரக்குறிப்பு எழுதுவது. தணிக்கையில் சிக்கினால் குற்றத்தின் எடைக்கு ஏற்ப 5, 10, 25 அல்லது 100 சதவீதம் என்று வெட்டு விழும். வேலை நன்றாகவே முடிந்திருந்தாலும் விழும்.

மூன்றாவது, வாங்கினபின் நடப்பது. சிறு, நடுத்தர நிறுவனமானால் கடைசிப் பட்டுவாடாவிலிருந்து மூன்றாண்டு, பெரிதானால் ஐந்தாண்டு அந்த முதலீடு அதே மண்டலத்தில் இயங்க வேண்டும். பட்டறையை வேறு மண்டலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் மீதிக் காலத்துக்கு விகிதம் போட்டுத் திருப்பிக் கட்ட வேண்டும். பில்களையும் ஐந்தாண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

நம்ம பி.எம்.இ.ஜி.பி.யிலும் இதே எண்ணம் வேறு உருவத்தில் இருக்கிறது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு. பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., பி.சி. உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 25-ம் 35-ம். சொந்தப் பங்கு பொதுப் பிரிவுக்கு 10, சிறப்புப் பிரிவுக்கு 5 சதவீதம். ஆனால் அந்த மானியம் உங்கள் கைக்கு வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே மூன்றாண்டு வைப்பில் கிடந்து, தொழில் நடப்பதை நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழியும். வித்தியாசம் எங்கே என்றால், இங்கே வங்கி முதலில் கடன் தருகிறது, மானியம் அதன் பக்கத்தில் நிற்கிறது. அங்கே நீங்களே புரட்டிச் செலவழிக்க வேண்டும். கையிருப்பு இல்லாதவருக்கு நம்ம முறை நல்லது என்பதே எங்கள் எண்ணம். ஆனால் இதில் புதுத் தொழிலுக்கு மட்டும்தான் முதல் மானியம். ஏற்கெனவே ஓடுகிற பட்டறைக்குப் புது இயந்திரம் வாங்க அந்த முதல் மானியம் கிடையாது. பட்டதாரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர் பெரிய அளவில் தொடங்குவதானால் மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தையும் மாவட்டத் தொழில் மையத்தில் சேர்த்தே கேளுங்கள். 25 சதவீத மூலதன மானியம், உச்சம் 75 லட்சம்.

கேள்வி: இவ்வளவு கொட்டியும் பலன் உண்டா? அங்கே கமிஷன் அடிக்க மாட்டார்களா?
– வண்ணார்பேட்டை வாசகர்

பதில்: பலன் ஒரே மாதிரி இல்லை. போலந்து இன்று சராசரியில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிட்டது. எல்லாம் இந்த நிதியால் என்று சொல்ல முடியாது, சந்தை திறந்ததும் வெளிநாட்டு ஆலைகள் வந்ததும் பெரிய காரணம். அதே நிதியைப் பல பத்தாண்டாக வாங்கியும் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவும் சிசிலியும் இன்னும் பின்தங்கிய பட்டியலில்தான். சாலை போடலாம், கட்டடம் கட்டலாம். டெண்டரை ஒழுங்காக நடத்தவும் காலத்தில் கணக்கு முடிக்கவும் அலுவலகத்தில் ஆள் இல்லாவிட்டால் பணம் செலவாகவே ஆகாது. ஒதுக்கிய ஆண்டு முடிந்து மூன்றாண்டுக்குள் கோராத தொகை பிரஸ்ஸல்சுக்கே திரும்பிவிடும். 2027 ஒதுக்கீட்டுக்கு அதுவும் பொதுவாக இரண்டாண்டுதான். காலக்கெடு நெருங்கும்போது யோசிக்காமல் கல்லையும் சிமெண்டையும் கொட்டுகிற பழக்கம் அங்கேயும் உண்டு.

களவு நடக்கிறது. அதற்காகவே 1999-ல் ஓலாஃப் என்ற விசாரணை அலுவலகம் வந்தது. 2021 ஜூனிலிருந்து லக்சம்பர்க்கில் ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் நேரடியாகவே வழக்குத் தொடுக்கிறது. 2022 டிசம்பரில் சட்ட ஆட்சியில் குறை என்று ஹங்கேரிக்குரிய சுமார் 630 கோடி யூரோவை நிறுத்திவைத்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பட்டியலை வெளியிடும் முறையை. எந்தத் திட்டம், யார் பெற்றார், எவ்வளவு, எந்த ஊர் என்று பொதுவில் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். கொஹீசியோ என்ற இணையதளத்தில் வரைபடத்தைத் தொட்டாலே வரும். உங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் கடந்த ஐந்தாண்டில் யார் யாருக்குத் தொழில் மானியம் போனது என்று அறிய, நாம் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட வேண்டியிருக்கிறது. போடுங்கள். திட்டத்தின் பெயர், நிதியாண்டு, ஊராட்சி ஒன்றியம் மூன்றையும் தெளிவாக எழுதினால்தான் உருப்படியான பதில் வரும்.

கேள்வி: ஐரோப்பாவில் “ஸ்மார்ட் ஸ்பெஷலைசேஷன்” இல்லாமல் புதுமை நிதி கிடையாது என்கிறார்கள். அது என்ன? திருநெல்வேலிக்கு எழுதினால் எப்படி இருக்கும்?
– பொருளியல் முதுகலை மாணவி, அபிஷேகப்பட்டி

பதில்: “எங்கள் மண்டலமும் ஐ.டி.யில் வளரும், பயோடெக்கில் வளரும்” என்று எல்லா ஊரும் ஒரே ஆசைப் பட்டியல் எழுதின காலம் ஒன்று இருந்தது. பணம் சிதறியது. 2014-ல் தொடங்கிய காலகட்டத்திலிருந்து ஆராய்ச்சி, புதுமை நிதி வேண்டுமானால் மண்டலமோ நாடோ தன் பலம் என்ன என்று ஆதாரத்தோடு சொல்லி, சில துறைகளை மட்டும் தேர்ந்து, அதற்கு ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அதுதான் ஸ்மார்ட் ஸ்பெஷலைசேஷன். 2021-க்குப் பிறகு அந்த ஆவணம் மட்டும் போதாது, அதை நடத்தும் பொறுப்பான அமைப்பும் கண்காணிப்பும் வேண்டும். இதில் வழிகாட்ட ஸ்பெயினின் செவில்லா நகரில் 2011-லேயே ஒரு தளம் அமைத்தார்கள்.

உயிர்நாடி தேர்வு நடக்கும் விதம். அதிகாரி அறைக்குள் எழுதினால் செல்லாது. தொழில்காரர், ஆய்வாளர், உள்ளாட்சி, பயனாளர் நான்கு பேரும் உட்கார வேண்டும். “எந்தத் துறை நல்லது?” என்று கேட்டால் ஊர்ப்பேச்சுதான் மிஞ்சும். “பக்கத்து மண்டலத்தவரால் முடியாத எதை நாம் செய்கிறோம்?” என்பதே கேள்வி. பின்லாந்தின் லாப்லாந்து கடுங்குளிரையும் சுரங்கத்தையும் காட்டையும் குறையாகப் பார்க்காமல் அதையே தேர்ந்த துறையாக்கிக்கொண்டது.

நம்ம சீமைக்கு ஒரு மாதிரி சொல்கிறோம், எங்கள் தேர்வு இது. கயத்தாறு, ராதாபுரம், முப்பந்தல் பக்கம் பழைய காற்றாலைகள் நிறைய நிற்கின்றன. 250 கிலோவாட் போலச் சின்னவை. மாநில அரசு 2024-ல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. மே முதல் செப்டம்பர் வரை காற்றுக்காலம். அதற்குள் ஒரு பல்சக்கரம் தேய்ந்து நின்றால் உரிமையாளருக்கு அந்த ஆண்டே போச்சு. உதிரிபாகத்துக்கு வெளியூரைப் பார்த்து நிற்கிறார். பேட்டை லேத்காரருக்குப் பல்சக்கரம் வெட்டத் தெரியும். ஆனால் அந்த உலோகத்தின் கடினம் சரியா, வெப்பப் பதம் உள்ளே எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று சான்று தரப் பக்கத்தில் சோதனைக்கூடம் வேண்டும். சான்று இல்லாத சக்கரத்தை யாரும் கோபுரத்தின் மேல் ஏற்ற மாட்டார்கள். அரசுப் பணம் போக வேண்டிய இடம் அந்தச் சோதனைக்கூடம். தனித்தனிப் பட்டறைக்கு இன்னொரு லேத் வாங்கிக் கொடுப்பதைவிட அது பத்து மடங்கு பயன் தரும்.

உங்கள் ஆய்வுக்கு ஒரு வழி: பேட்டையிலும் கங்கைகொண்டானிலும் 30 நிறுவனங்களைச் சந்தியுங்கள். மூன்றே கேள்வி. கடந்த ஆண்டு எந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பினீர்கள்? எதனால்? அதைச் செய்ய எந்தச் சோதனை அல்லது கருவி பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்? திருப்பி அனுப்பின ஆர்டர்களின் பட்டியல்தான் உங்கள் ஆவணத்தின் முதல் அத்தியாயம்.

கேள்வி: பீடி சுற்றும் வேலை குறைகிறது. ஐரோப்பாவில் ஒரு தொழில் மூடும்போது அந்தப் பகுதிக்குத் தனி நிதி உண்டா?
– முக்கூடல் வாசகி

பதில்: உண்டு அம்மா. நியாயமான மாற்றத்துக்கான நிதியம் என்று பெயர். 2018 விலையில் 1,750 கோடி யூரோ. நிலக்கரியை விட்டு விலகும் போலந்தின் சிலேசியா, ஜெர்மனியின் லவுசிட்ஸ், கிரீசின் மேற்கு மாசிடோனியா போன்ற பகுதிகளுக்குப் போகிறது. எந்தச் சுரங்கம் எந்த ஆண்டு மூடும், எத்தனை பேர் வேலை இழப்பர், அவர்களுக்கு என்ன பயிற்சி என்று அந்தப் பகுதிக்கான திட்டம் எழுதி ஒப்புதல் வாங்கினால்தான் பணம். மூடினபின் நிவாரணம் கொடுப்பதைவிட, மூடுமுன் திட்டம் போடுவது அதன் சிறப்பு. பீடிக்கு நம்மிடம் இப்படி ஒன்று இல்லை, வேண்டும். மகளிர் குழு மூலம் சிறு உணவுத் தொழிலுக்கு மாற நினைத்தால் பி.எம்.எஃப்.எம்.இ. என்ற மத்திய அரசின் சிறு உணவுத் தொழில் திட்டத்தில் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம் மானியம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பாய் நெசவுச் சங்கத்துக்கு ஐரோப்பிய நிதி வாங்கித் தருவதாக ஒருவர் பதிவுக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா? வேறு வழி என்ன?
– கோரைப்பாய் நெய்பவர், பத்தமடை

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. மேலே சொன்ன மண்டல நிதி ஒன்றியத்துக்குள் இருக்கும் மண்டலங்களுக்கானது, பத்தமடைக்கு வராது. ஹொரைசன் என்ற ஆராய்ச்சி நிதியில் இந்திய நிறுவனங்கள் பங்காளியாகச் சேரலாம். பெரும்பாலான அழைப்புகளில் தங்கள் செலவைத் தாங்களே கொண்டுவர வேண்டும். அதுவும் பல்கலைக்கழகத்துக்கான வேலை. எந்த அழைப்புக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

தனியாள் ஒருவருக்குத் தறியோ சரக்கோ வேண்டுமானால் கலைஞர் கைவினைத் திட்டம். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம் மானியம், உச்சம் 50,000. பாய் பின்னுதல் அதில் சேர்ந்திருக்கிறது.

கூட்டாகச் செய்வதானால் மத்திய அரசின் ஸ்ஃபூர்த்தி. 500 கைவினைஞர் வரை உள்ள தொகுப்புக்கு 2.5 கோடி, அதற்கு மேல் 5 கோடி வரை. விண்ணப்பம் இப்போது வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர், ஆதார், தறி எண்ணிக்கையோடு பட்டியல் எடுப்பது முதல் வேலை. ஒரே வீட்டில் நான்கு பேரை எழுதித் தொகையைக் கூட்டினால் சரிபார்ப்பில் பட்டியலே விழும். பிறகு சங்கத்தை அல்லது உற்பத்தியாளர் கம்பெனியைச் செயல்படும் அமைப்பாகப் பதிய வேண்டும். நிலத்தின் விலை மானியத்தில் வராது, இடத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

பொது வசதி மையம் கட்டும்போது தறியைக் கொண்டுபோய் அங்கே போடாதீர்கள். பாய் வீட்டில் நெய்யப்படுகிறது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து இரண்டு கோரை ஊடு கோர்க்கிற பெண், ஒரு கிலோமீட்டர் நடந்து கொட்டகைக்கு வர மாட்டாள். வீட்டில் முடியாததையே அங்கே வையுங்கள்: தாமிரபரணியில் தண்ணீர் சேறாக ஓடும் நாளில் கோரையை ஊறவைக்கத் தொட்டி, மெல்லிசாகக் கிழிக்கும் கருவி, சாயக்கூடம், ஐப்பசி மழையில் காயவைக்கக் கூரைக்கொட்டகை. கோரை உள்வரைக்கும் ஊறி உப்பாமல் சாயத்தில் இறங்கினால் தாளின் நடுவே வெளுத்த திட்டு விழும். அது நெய்து முடித்தபிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

நடப்புச் செலவை இப்போதே கணக்குப் போடுங்கள். மின்சாரம், ஒரு காவலர், ஒரு மெக்கானிக் எல்லாம் மாதம் 45,000 என்று வைத்துக்கொண்டால், பாய்க்கு 15 ரூபாய் வசூலித்தாலும் மாதம் 3,000 பாய் அந்த மையம் வழியாகப் போக வேண்டும். அவ்வளவு நெய்யவில்லை என்றால் கொட்டகையைச் சின்னதாக்குங்கள். மானியத்தில் கட்டடம் கிடைக்கும், மாதாமாதம் மின்கட்டணம் கட்ட மானியம் வராது.

ஐரோப்பாவிலிருந்து உங்களுக்கு உண்மையாகவே கிடைக்கக்கூடியது ஒன்று உண்டு. கைவினைப் பொருள்களுக்கான புவிசார் குறியீட்டுச் சட்டம் அங்கே 2025 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள உற்பத்தியாளர் கூட்டமைப்பும் ஸ்பெயினின் அலிகாண்டேயில் உள்ள அறிவுசார் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். சொந்த நாட்டில் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, பத்தமடைப் பாய்க்கு இந்தியாவில் புவிசார் குறியீடு ஏற்கெனவே இருக்கிறது. எந்தக் கோரை, எந்த ஆற்றங்கரை, எத்தனை நாள் ஊறல், பாவு பருத்தியா பட்டா என்று விவரக்குறிப்பு எழுத வேண்டும். சென்னை புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் இருக்கும் விண்ணப்பத்தின் நகலை வாங்கி, அதிலிருந்து தொடங்குங்கள். சாயக்கடையில் வாங்கும்போதே சோதனைச் சான்று கேளுங்கள். தோலில் படும் நெசவுப் பொருளில், சில அசோ சாயங்கள் பிரிந்து உண்டாகும் அமீன் என்ற 22 வகை நச்சுப் பொருள்கள் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் ஐரோப்பாவில் விற்க முடியாது. பாவு நூலும் சாயம் ஏறியதுதான் என்பதால் கோரைக்கும் நூலுக்கும் தனித்தனிச் சான்று வாங்கி, முதல் சரக்கின் பில்லோடு சேர்த்து அனுப்புங்கள்.